கால் நார்மல்

ஜூன் 6, செவ்வாய்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி ஐந்து மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்தேன். வீட்டில் அவரிடம் ஆஸ்பத்திரிக் கதை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் நியூஸ் பார்க்கிறார். எனக்கோ பேசாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

இன்று சுகர், பிரஷர் கிளினிக். எண்பத்து மூன்று பேர். முப்பது நாள் மாத்திரை வாங்க வருகிறவர்கள்தான். எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரைக்குள் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டேன். இருபத்தாறு வருட சர்வீஸ், சும்மாவா?

அறையும் இப்போது பார்க்கிற மாதிரி இருக்கிறது. மார்ச்சில் வெள்ளை டைல்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். முதல் நாளே செம்மண்ணும் வெற்றிலை எச்சிலுமாய் ஆக்கிவிட்டார்கள் மகராசர்கள். அன்றைக்கே, ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று பெரிதாக எழுதி லேமினேஷன் போட்டு வாசலில் மாட்டினேன். இப்போது தரையில் சோற்றைப் போட்டுத் தின்னலாம்.

எனக்கு ஒரு பழக்கம், எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவேன். டிரெய்னிங்கில் எங்கள் டியூட்டர் அடித்துப் பழக்கியது. “எடை அம்பத்தெட்டு. பிரஷர் நூத்தி நாப்பதுக்குத் தொண்ணூறு. சுகர் இருநூத்திப் பத்து. கண் நார்மல். கால் நார்மல். போதனை கொடுத்தாச்சு. அடுத்த ஆள்!” வரிசையில் நிற்கிறவர்களுக்கே இது பாட்டு மாதிரி மனப்பாடம்.

மனப்பாடம் என்றால் வெயிலுகந்தாள்தான். முருங்கைக்காய் மண்டியில் காய் தரம் பிரித்துக் கட்டுப் போடுகிறவள். ஐம்பத்தாறு வயது, எட்டு வருடச் சுகர். நான் இரண்டு வருடத்துக்கு முன் சொல்லிக் கொடுத்ததை ஓர் எழுத்து மாறாமல் ஒப்பிப்பாள். இன்றும் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, “வெயிலு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு” என்றேன்.

“வெறுங்காலோட வீட்டுக்குள்ள கூட நடக்கப்பிடாது. செருப்பப் போடுததுக்கு முன்னால தட்டி உதறிப் பாக்கணும். குளிச்சதும் விரலிடுக்குல ஈரத்தத் தொடைக்கணும். நெகத்த நேரா வெட்டணும். ராத்திரி படுக்கதுக்கு முன்னால கண்ணாடிய வச்சு ரெண்டு உள்ளங்காலயும் பாக்கணும். சரிதான சிஸ்டர்?”

“முதல் மார்க்கு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு முகம் பூரித்துப்போயிற்று.

ஜூன் 9, வெள்ளி

வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. சர்ச்சில்கூட முழங்காலிட முடியவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, சிலிண்டர் வரவில்லை.

ஜூன் 20, செவ்வாய்

இன்று இரண்டு கூத்து.

ஒரு பெரியவர் இளைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து வாங்குகிறவர். ஆறு மாதமாகியும் இளைப்புக் குறையவே இல்லை என்கிறார். எனக்குச் சந்தேகம் வந்து, “எப்படி எடுக்கிய? என் முன்னால செஞ்சு காட்டுங்க” என்றேன். காப்ஸ்யூலைப் பிரித்தார், வாயில் போட்டார், என் பாட்டிலில் இருந்தே தண்ணீர் வாங்கிக் குடித்து முழுங்கிவிட்டார்! உறிஞ்சுகிற குப்பி வீட்டில் அப்படியே புதுசாக இருக்கிறதாம். பேரப்பிள்ளை விசில் ஊதி விளையாடுகிறதாம்.

அடுத்தது ஒரு புருஷன் பெண்டாட்டி. அவருக்குப் பிரஷர், அவளுக்குச் சுகர். இரண்டு பேர் மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டி ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். “ஒத்துமையா இருக்கோம் சிஸ்டர்” என்று சொல்லிச் சிரிக்கிறார் அந்த மனுஷன். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

நம் ஆட்களிடம் புரிந்ததா என்று கேட்டால் தலையை ஆட்டத்தான் செய்வார்கள். அதை நம்பக் கூடாது. செய்யச் சொல்லிக் கண்ணால் பார்க்க வேண்டும். இதைப் போன மாதம் புதிதாக வந்த நர்சுகளுக்கு ஒரு மணி நேரம் வகுப்பாகவே எடுத்தேன்.

ஜூலை 4, செவ்வாய்

எழுபத்தொன்பது பேர்.

வெயிலு ஒரு கட்டு முருங்கைக்காய் கொண்டு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கிறாளா? பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் கோட்டை விட்டு இறங்கி அடுத்த ஆளின் பெயர் மேலே போட்டுவிட்டாள். “எங்கட்டி பாக்குத, கனவு காணுதியா?” என்று சத்தம் போட்டேன். “கை நடுங்குது சிஸ்டர்” என்றாள்.

“கண்ணு நல்லாத் தெரியுதா?”

“தெரியுது சிஸ்டர்.”

“தினமும் கால பாக்குதியா?”

“பாக்காம தூங்க மாட்டேன் சிஸ்டர்.”

கண் நார்மல். கால் நார்மல். சுகர் மட்டும் இருநூற்றி அறுபது. மாம்பழமாகத்தான் இருக்கும்.

போகும்போது வாசலில் ஒரே ரகளை. இன்னொருத்தியின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அந்தப் பொம்பளை கையைப் பிடித்து இழுத்து, “நீலத்துக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?” என்று ஏசினாள். வெயிலு, கிடந்த செருப்புகளை எல்லாம் காலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நான்தான் எடுத்துக் காட்டினேன். எனக்கு அடுத்த ஆள் காத்திருந்தார்.

முருங்கைக்காய் நல்ல பிஞ்சு. சாம்பார் வைத்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

மாவட்டத்திலிருந்து சுற்றறிக்கை. அடுத்த மாதம் ஆய்வுக்கு வருகிறார்கள். பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாதாம். கால் பரிசோதனைக்கு நைலான் நரம்பு ஒன்றும் அனுப்பியிருக்கிறார்கள். அதை உள்ளங்காலில் பத்து இடத்தில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல வேண்டும். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். எண்பது பேருக்கு எத்தனை நிமிடம் என்று கணக்குப் போட்டவர்கள் யாரும் அங்கே இல்லைபோல. குனிந்து நிமிர என் முழங்காலுக்கு யார் வந்து எண்ணெய் போடுவது?

நரம்பைக் கவரோடு மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 22, சனி

சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவேட்டை விரித்துக் காலிக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். ஆறரைக்கு முடிந்தது. முன்னூற்றுப் பத்து பேர். பேனா மை தீர்ந்து, வேறு பேனா வாங்கினேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அறையில் எங்கோ எலி செத்துக் கிடக்கிறது. காலையில் வாடை இல்லை. பதினோரு மணிவாக்கில் லேசாக அடித்தது. அலமாரிக்குப் பின்னால் எல்லாம் பார்க்கச் சொன்னேன், ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு மூடி பினாயில் ஊற்றித் துடைத்தார்கள்.

வெயிலுவுக்குச் சுகர் முன்னூற்றி எழுபது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “முதல் மார்க்கு வாங்குதவ இப்படியா? என்னத்தத் தின்ன? உண்மையச் சொல்லு” என்றேன். கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு கரண்டி பாயசம் குடித்ததாகச் சொன்னாள். ஒரு கரண்டிக்கு இவ்வளவா ஏறும்? பொய்தான் என்று நினைத்தேன். எல்லார் முன்னாலும் நன்றாகத் திட்டிவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே பாடத்தை ஒப்பித்தாள், நான் கேட்காமலே.

கால் நார்மல் என்று நான் சொன்னபோது தலையை நிமிர்த்தி, “நார்மலா சிஸ்டர்?” என்று கேட்டாள். இதுவரை கேட்டதில்லை. “ஆமா, நார்மல். வாயத்தான் கட்டணும்” என்றேன். “அப்பம் சரி சிஸ்டர்” என்று எழுந்து போனாள். சேலையைத் தரையோடு தரையாகக் கட்டியிருந்தாள். டைல்ஸில் ஈரம் மாதிரி ஒரு தடம் இருந்தது. துடைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் வாடை போய்விட்டது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

ஆய்வு முடிந்தது. பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். “ஒரு கட்டம்கூடக் காலியில்ல. இத மாதிரி நான் எங்கயும் பாக்கல” என்றார் வந்த அதிகாரி. டாக்டர் இளங்கண்ணனுக்கு வாயெல்லாம் பல். வந்து ஒரு வருடம்தான் ஆகிறது அந்தத் தம்பிக்கு. “எல்லாம் தங்கபுஷ்பம் சிஸ்டர்தான் சார்” என்று என்னைக் கையைக் காட்டினார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

சுதந்திர தின விழாவில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் புது வேட்டி கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்து போட்டோ எடுத்தார். நியூஸ் பார்க்கிற மனுஷன்!

ஆகஸ்ட் 19, சனி

வெயிலுகந்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவள் மகன் பலவேசம் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அதில் வெறும் சாக்குகளைப் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுவந்திருந்தான். இரண்டு நாள் காய்ச்சல், உளறல். நான் கேஷுவால்டியில் இருந்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும்போதே அந்த வாடை வந்தது. எந்த வாடை என்று எனக்கு உடனே தெரிந்தது.

இடது காலில் பழைய சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. டாக்டர் கத்தரித்தார். பெருவிரலுக்குக் கீழே ஓட்டை. சுற்றிக் கறுப்பு. கணுக்கால் வரை வீங்கி, மேலே செம்மை ஏறி முழங்கால் பக்கம் போயிருந்தது. உள்ளே கருவிமுனை விட்டார், எலும்பில் தட்டியது. அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

“தங்கபுஷ்பம் சிஸ்டர், ஒண்ணாந்தேதி இவங்க கிளினிக் வந்தாங்கல்ல?”

“வந்தாவ சார்.”

“கால் பாத்தீங்களா?”

“பாத்தேன் சார்.”

“எப்படி இருந்துச்சு?”

“நார்மலா இருந்துச்சு சார்.”

கண்ணை மூடிக் கிடந்தவள் அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தாள். “சிஸ்டர் மாசாமாசம் பாத்தாவ சார். ஈரமா இருந்துச்சு, நாந்தான் துணிய கட்டிட்டு விட்டுட்டேன்.”

ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சலைன் ஏற்ற நரம்பு நான்தான் பிடித்தேன். ஒரே குத்தில் கிடைத்தது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஸ்ட்ரெச்சருக்கு அடியில் அவளுடைய இடது செருப்பு கிடந்தது. நீல ரப்பர் செருப்பு. யாரும் பார்க்கும் முன் பாலிதீன் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

உடைமுள். மண்டிக்குப் போகிற பாதை முழுக்க உடைமரம்தான். அடியில் ஏறி ரப்பரைத் துளைத்துக்கொண்டு உள்பக்கம் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுள்ளவள் பார்த்தால் தெரியும். உணர்ச்சியுள்ள கால் என்றால் ஓர் அடிகூட வைக்க முடியாது. இதை மாட்டிக்கொண்டு எத்தனை நாள் நடந்தாளோ. விரலை வைத்துப் பார்த்தேன். குத்தி ரத்தம் வந்தது.

இந்தச் செருப்பு மாதாமாதம் என் அறை வாசலில், என் போர்டுக்குக் கீழேதான் கிடந்திருக்கிறது.

ஆகஸ்ட் 24, வியாழன்

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பலவேசம் ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்க வந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. அவனாகவே சொன்னான். “கண்ணும் முக்கால்வாசி போயிட்டாம் சிஸ்டர். உள்ளார ரத்தம் கசிஞ்சு கெடக்காம். நெழல் மாதிரிதான் தெரியுமாம். ஒரு வருசமாவே இப்படித்தானாம். வீட்டுல ஒருத்தர்ட்டயும் சொல்லல. சொன்னா மண்டியில வேலைக்கு வராதன்னுருவாவளாம்.”

காயைக் கையால் தடவித்தான் தரம் பிரித்திருக்கிறாள். நீளத்துக்கும் பருமனுக்கும் கண் வேண்டியதில்லை.

“நீங்க எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொன்னிய! ஊருக்கெல்லாம் ஒப்பிச்சாளே, தான் செஞ்சாளா? ஆசுபத்திரியில அம்புட்டு பேர் முன்னாலயும் அவளை ஏசிட்டேன் சிஸ்டர். சொன்ன பேச்சக் கேக்காத சனியனேன்னுட்டேன். பெத்த தாய அப்படிச் சொல்லலாமா? ஆத்திரத்துல வந்துட்டு.”

நான் “அழாத பலவேசம்” என்றேன். காகிதத்தில் சீல் வைத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

காலையில் டாக்டர் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் பழைய விவரம் கேட்டிருக்கிறார்களாம். பதிவேட்டைத் திறந்து வெயிலுகந்தாளின் வரியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். நார்மல், நார்மல், நார்மல். கண்ணுக்கும் அதேதான். விரல் ஆகஸ்டில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தேன்.

பதிவேட்டை மூடிவிட்டு, “சுகர் உள்ளவங்களுக்குப் பதினெட்டு நாள்ல இப்படி ஆகலாம்தான்” என்றார். “கண்ணுந்தான், அவங்க தெரியுதுன்னு சொன்னா நாம என்ன செய்ய முடியும்?”

தம்பி எனக்குத் தப்பிக்கக் கதவைத் திறந்து விடுகிறார். நான் அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன். “ஆமா சார்” என்றேன்.

கிளினிக் அறைக்கு வந்ததும் வாசலில் இருந்த போர்டைப் பிய்த்துப் போட்டேன். எல்லாரும் செருப்போடு உள்ளே வாருங்கள், செருப்பைக் கழற்றிக் கையில் தலைகீழாகப் பிடியுங்கள் என்றேன். கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். பழைய பெஞ்சில் இரண்டு தலையணை போட்டு, அதன்மேல் காலை நீட்டச் சொன்னேன். டிராயரில் கிடந்த நரம்பைக் கவரிலிருந்து பிரித்தேன்.

ஒன்றரை மணி ஆனபோது முப்பத்திரண்டு பேர்தான் முடிந்திருந்தது. இன்னும் நாற்பது பேர் வெளியே. கூச்சல். ஒருத்தர், “மாத்திரைய குடுத்தா போவமா, இது என்ன சிஸ்டர் கால் ஆராய்ச்சி?” என்றார். அவர் காலையும் பார்த்தேன். குதிகாலில் வெடிப்புக்குள் சீழ் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

முப்பத்திரண்டு பேரில் ஏழு பேருக்கு உணர்ச்சி இல்லை. மூன்று பேருக்குப் புண். பதினொரு செருப்பில் முள். நான் எல்லாருக்கும் ஜூலையில் நார்மல் போட்டிருக்கிறேன்.

ராத்திரி முழங்காலை மடக்க முடியவில்லை. அவர் தைலம் தேய்த்துவிட்டார். “எதுக்கு இப்படிக் கெடந்து சாகுத?” என்று கேட்டார். நியூஸ் ஓடவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

செப்டம்பர் 14, வியாழன்

வெயிலுவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வீட்டுக்குப் போய்ப் புண்ணைக் கட்டிவிட்டு, ஊசி போடவும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சனிக்கிழமை போகிறேன் என்றேன்.

செப்டம்பர் 16, சனி

போகவில்லை. மழை.

செப்டம்பர் 23, சனி

போகவில்லை. வேறு நர்சை அனுப்பினேன். திரும்பி வந்து, “அந்தம்மா உங்களத்தான் கேக்காவ” என்றாள்.

செப்டம்பர் 29, வெள்ளி

கனவில் நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். பேனாவில் மை இல்லை. ஆனாலும் எழுத்து விழுகிறது. விடியும் முன்னே எழுந்து துணி துவைத்தேன்.

அக்டோபர் 5, வியாழன்

இன்று போனேன்.

ஊருக்கு வெளியே ஆஸ்பெஸ்டாஸ் வீடு. வாசலில் லோடு ஆட்டோ நின்றது. கட்டிலில் வெயிலு உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என் குரலைக் கேட்டதும், “சிஸ்டரா? வாங்க வாங்க. எம்மா, எத்தன நாளாச்சு! ஏல பலவேசம், சேர எடுத்துப் போடு” என்று பரபரத்தாள். முகம் மட்டும் நான் நிற்கிற இடத்துக்கு அரை அடி தள்ளித் திரும்பியிருந்தது. இந்த முகத்தை மாதாமாதம் எதிரே உட்கார வைத்தும் எனக்கு இது படவில்லை.

இடது பக்கத்துக் கட்டைப் பிரித்துத் துடைத்துக் கட்டினேன். தையல் ஆறிவருகிறது. இன்சுலின் எப்படிப் போட வேண்டும் என்று பலவேசத்துக்குச் செய்து காட்டி, அவனையும் செய்யச் சொன்னேன். நன்றாகச் செய்தான். அப்புறம் வழக்கப்படி போதனை சொல்ல வேண்டும். அவளே ஆரம்பித்தாள்.

“எனக்கு ஒண்ணும் மறக்கல சிஸ்டர். வெறுங்காலோட நடக்கப்பிடாது. செருப்பத் தட்டி உதறணும். விரலிடுக்குல ஈரத்தத் தொடைக்கணும். நெகத்த நேரா வெட்டணும். ராத்திரி கண்ணாடிய வச்சு ரெண்டு உள்ளங்…”

அதோடு நிறுத்திவிட்டாள்.

பலவேசம் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, “இப்பம் ஒப்பிச்சு என்னத்துக்கும்மா?” என்றான். “அப்பமே அவிய சொன்னதக் கேட்டிருந்தா காலு இருந்திருக்கும். மாசாமாசம் பாத்தாவளே, சிஸ்டர்ட்டயாவது வாயத் தொறந்து சொன்னியா? கண்ணு தெரியலன்னு சொன்னியா? ஒன்னாலதான் எல்லாம்.”

அவள் கையால் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இப்படித் தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது என்று பார்த்தாலே தெரிந்தது.

“நான் பாக்கல பலவேசம்” என்றேன்.

“என்னது?”

“ஒங்கம்ம கால நான் பாக்கல. ஒரு மாசங்கூடப் பாக்கல. குனிஞ்சு பாக்காமலே நார்மல்னு எழுதினேன். ஒங்கம்மைக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். கண்ணையும் அப்படித்தான். பாத்திருந்தா ஜூலையிலயே கண்டுபிடிச்சிருக்கலாம். அவ தப்பு ஒண்ணுமில்ல. என் தப்பு.”

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். பலவேசம் என்னை அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயிலு என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

“தொடலையா சிஸ்டர் நீங்க?”

“தொடல வெயிலு.”

“நான் நீங்க தொட்டியன்னுல்லா நெனச்சேன்.” போர்வை ஓரத்தை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “எனக்குக் கண்ணு தெரியல. காலு மரத்துக் கெடக்கு. நீங்க கால் நார்மல்னு சத்தமாச் சொல்லும்போது, ஆகா, தொட்டுப் பாத்துட்டாவ, நமக்குத்தான் தெரியலன்னு நெனச்சுக்கிடுவேன். அந்தக் கடைசி மாசம் துணியெல்லாம் ஈரமாச்சு. ஒரு மாதிரி வாடை வேற. பயந்துகிட்டேதான் வந்தேன். நீங்க நார்மல்னிய. கேட்டுக்கூடப் பாத்தேன். நார்மல்னுட்டிய. சிஸ்டர் கையால பாத்துட்டாவ, ஒண்ணுமில்லன்னு அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்.”

எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இருபத்தாறு வருடத்தில் நோயாளி வீட்டில் நான் அழுதது இதுதான் முதல் தடவை. அவளே, “அழாதிய சிஸ்டர்” என்று காற்றில் கையை நீட்டித் துழாவினாள். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. பிடித்துக்கொண்டேன்.

பலவேசம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். “அப்பம் இத்தன நாளும் நான் இவள ஏசினேனே?” என்று யாரையும் பார்க்காமல் கேட்டான். பிறகு எழுந்து வந்து என் முன்னால் நின்றான்.

“எழுதிக் குடுப்பியளா?”

“ஏல, சும்மா இரி” என்றாள் வெயிலு. “அவியளுக்கு வேல போயிரும்.”

“எழுதித் தாரேன்” என்றேன். வீட்டுப் பார்வைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். பழக்கம் போகவில்லை, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினேன். இந்தப் பதிவேடு தொடங்கிய மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வெயிலுகந்தாள் என்பவரின் கண்ணையும் காலையும் நான் பரிசோதிக்கவில்லை. பரிசோதித்ததாக எழுதியது பொய். அவர் நான் சொன்னபடி நடந்தவர். கையெழுத்து, என் பதிவு எண், தேதி. ஒரு நகல் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது நாளைக்கு டாக்டர் மேசைக்குப் போகும். பலவேசம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அம்மாவின் தலையில் ஒரு நொடி கையை வைத்துவிட்டு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்தான். கிளப்பவில்லை.

அதற்கு மேல் அங்கே எனக்கு ஒரு வேலைதான் பாக்கி. மண் தரையில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்தேன். வலியில் கண் இருட்டியது. வெயிலுவின் வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். காய்ந்த, கனத்த கால். விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்தேன். ஈரமில்லை, சுத்தமாகத் துடைத்திருக்கிறாள். நகத்தை யாரோ நேராக வெட்டிவிட்டிருந்தார்கள். குதிகாலில் இரண்டு வெடிப்பு. சுண்டுவிரல் அடியில் தோல் தடித்து, நடுவில் ஒரு புள்ளி கறுக்க ஆரம்பித்திருந்தது. கட்டைவிரலால் அதைச் சுற்றி அழுத்திப் பார்த்தேன். நரம்பை எடுத்துப் பத்து இடத்திலும் ஒவ்வொன்றாக வைத்தேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வைத்தேன்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவள் மாதிரிக் காத்திருந்தாள்.

“சிஸ்டர்.”

“சொல்லு.”

“இப்பம் தொடுதியளா?”

என் இரண்டு கையும் அவள் காலைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன.